கடல் நத்தைக்காகக் காணிப்பாக்கத்தில் ஒரு சத்தியம்

1

எங்கள் வீட்டுக் கேமராவுக்கு இந்த மாதத்தோடு ஐந்து வயது முடிகிறது. பிறந்தநாளை நான் மறந்துவிட்டேன். ஞாபகப்படுத்தியது என் மனைவி சுகுணா. "உங்க சக்களத்திக்கு அஞ்சி வயசு ஆவுது, கேக்கு வாங்கினு வர்லியா?" என்று கேட்டாள்.

சக்களத்தி என்று அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லென்ஸ் மாற்றிக்கொள்ளக்கூடிய சின்னக் கேமரா, உள்ளங்கையில் அடங்கும். அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி உண்டு. பெட்டியின் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். அதனால் கடலுக்குப் போகும் விடுமுறை நாளான ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, சுகுணாவின் புருவம் திருத்தும் இடுக்கியால் தூசி பொறுக்குவேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் என் தலையைக்கூட நீங்கள் இப்படிப் பார்த்ததில்லை என்பாள்.

நான் தமிழும் தெலுங்கும் கலக்கும் எல்லையில், பிச்சாட்டூர் பக்கத்து ஆள். பெயர் முனிரத்தினம். பதினாறு வருடமாக மஸ்கட்டில் ஏ.சி. குழாய்களுக்கு வரைபடம் போடுகிறேன். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு மீடியம், கோபம் வந்தால் இரண்டும். இங்கே தமிழ்ச் சங்கத்தில் என்னைத் தெலுங்கர் என்கிறார்கள், தெலுங்குச் சங்கத்தில் தமிழர் என்கிறார்கள். பொங்கலுக்கு இரண்டிலும் சாப்பாடு கிடைக்கும் என்பதால் நான் யாரையும் திருத்துவதில்லை.

நீச்சல் கற்றது முப்பத்தெட்டு வயதில். ஊரில் கிணறு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் கிணற்றில் குதித்துக் கற்றார்கள். எங்களுக்கு நிலமும் இல்லை, கிணறும் இல்லை. அவர்கள் குளிக்கும்போது மேலே நின்று அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அது எனக்கு வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் கடல் எல்லோருக்கும் பொது என்று தெரிந்ததும் இறங்கிவிட்டேன், பிறகு முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அடியிலும்.

2

நான் எடுப்பது சின்ன உயிர்களை. பருப்பு அளவு நண்டு, அரிசி அளவு இறால், ஓடே இல்லாத கடல் நத்தை. அந்த நத்தைகள் பட்டுப் புடவைக் கடையிலிருந்து தப்பி வந்தவை போல இருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த லென்ஸ் என்பதைக் கரையிலேயே முடிவு செய்ய வேண்டும். பெட்டியை மூடிவிட்டால் மூடியதுதான். ஒருநாள் சின்ன உயிர்களுக்கான லென்ஸைப் போட்டு இறங்கினேன். லாரி நீளத்துக்கு ஒரு திமிங்கலச் சுறா என் தலைக்கு மேல் போயிற்று. படகில் வந்த எல்லோரும் வாழ்நாள் படம் எடுத்தார்கள். நான் எடுத்த படத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது. அது அதன் தோலில் உள்ள ஆயிரம் புள்ளிகளில் ஒன்று. கவனித்துப் பார்த்தால் இன்னொரு புள்ளியின் ஓரமும் தெரியும்.

சின்னதை எடுப்பதும் லேசு இல்லை. லென்ஸுக்கும் நத்தைக்கும் நான்கு விரல் இடைவெளிதான். அதன் கொம்பு தெளிவாக இருந்தால் வால் மங்கிவிடும். நாம் மூச்சு விட்டால் உடம்பு இறங்கும், இழுத்தால் ஏறும். விளக்கைச் சரிசெய்வதற்குள் நத்தை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். நத்தை என்றால் மெதுவாகப் போகும் என்று சொன்னவர் அதைப் படம் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். வீடியோ என்றால் இன்னும் மோசம். இருபது விநாடி ஆடாமல் பிடிப்பதற்குள் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

என்னோடு இறங்கும் துணை என் மகள் ஜீவிதா. அவளுக்குப் பதினைந்து வயது. பன்னிரண்டு வயதிலேயே பயிற்சி முடித்துவிட்டாள். தண்ணீருக்குள் பேச முடியாது, அதனால் சைகை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டுக் காட்டினால், "நல்லா இருக்கியா?" என்று கேள்வி. பதிலுக்கு அதே வட்டத்தைக் காட்டினால் நலம். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் சிக்கல். அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லக்கூடாது என்பதுதான் முதல் நாள் பாடம். கரையில் "ம்" என்றும் "வாட்எவர்" என்றும் மட்டும் பேசுகிற பெண், கடலுக்குள் என்னிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டே வருவாள். வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் எனக்கு மகள் இருந்தாள்.

இருந்தாள் என்று எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் நான்தான்.

3

ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நத்தை. அதன் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி இறால் சவாரி செய்துகொண்டிருந்தது. பிரம்மோற்சவத்தில் வாகனத்தின் மேல் சாமி வருவது போல அப்படி ஓர் உட்காரல். அந்த நேரம் பார்த்து என் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. வாரைத் தளர விட்டிருந்தேன் போல. கேமராவை ஜீவிதா கையில் திணித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாறையில் முட்டி, தலைகீழாகி, ஒருவழியாகத் தண்ணீரை ஊதி வெளியேற்றினேன். கண்ணைத் திறந்தபோது அவள் படமும் எடுத்து, இருபது விநாடி வீடியோவும் எடுத்து முடித்திருந்தாள்.

நான் ஐந்து வருடத்தில் எடுத்த எல்லாப் படங்களையும் ஒரு தட்டில் வைத்து, அதை இன்னொரு தட்டில் வைத்தால், அதுதான் கீழே இறங்கும்.

டிசம்பரில் என் மச்சான் கஜேந்திரன் போன் செய்தார். சுகுணாவின் அண்ணன். புத்தூரில் பிளக்ஸ் பேனரும் காலண்டரும் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு என் செலவில் காலண்டர் அடித்துக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். படம் அந்த இறால் சவாரிதான்.

"கீழ பேர் இன்னான்னு போடறது மாப்ள?" என்று கேட்டார்.

பக்கத்து அறையில் ஜீவிதா இருந்தாள், கதவு திறந்திருந்தது. எனக்கு என்ன புத்தி என்று தெரியவில்லை. கேமரா என்னுடையது, கிரீஸ் தடவியது நான், செட்டிங் போட்டுக் கொடுத்தது நான், அவள் அமுக்கியது ஒரு பட்டன் என்று மனது மடமடவென்று கணக்குச் சொன்னது. "முனிரத்தினம், மஸ்கட்டுன்னு போடுங்க" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜீவிதாவுக்கு வீட்டுப்பாடம். அதற்கடுத்த வெள்ளிக்கும் வீட்டுப்பாடம். ஆறு மாதமாக வெள்ளிதோறும் வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளி ஓமானில் எங்கும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் நான் திருடியதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று, திருடியவன் யோசிப்பது போலவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

4

ஜூன் மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். சென்னை விமான நிலையத்தில் கேமராப் பெட்டியை எக்ஸ்ரே கண்டதும் என்னைத் தனியாக அழைத்தார்கள். பெட்டிக்குள் காற்றை உறிஞ்சிக் கசிவு பார்க்க ஒரு சின்ன பம்பு உண்டு. அதிகாரி அதை எடுத்துப் பார்த்தார்.

"பிரஷர் பாக்குறதா?"

"ஆமா சார். கேமராவுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படிவத்தில் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. என்ன எடுப்பீர்கள் என்றார். சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று போனில் இருந்த படங்களைக் காட்டினேன். ஏழெட்டு நத்தை பார்த்தார். "மீனே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

தெருவில் இறங்கினால் வீட்டுக்கு வீடு என் காலண்டர். இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு வீடுகளில் அந்த இறாலுக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஊதுபத்தியும் செருகியிருந்தது. வாகனத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, மீசை தும்பிக்கை மாதிரி முன்னால் வளைந்திருக்கிறது, இது பிள்ளையார் இல்லாமல் வேறு யார் என்று கேட்டார்கள். நான் இறால் என்று சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா. ஊரான் கழனியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இன்று ஒரு ஏக்கரில் சொந்தமாக வேர்க்கடலை போடுகிறார். அந்த ஏக்கருக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்படுவது என்னைப் பற்றித்தான். பஸ் கண்டக்டரிடம்கூட, "எம்புள்ள கடலுக்குள்ள போயி போட்டோ புடிச்சிக்கினு வர்றான், அங்க பேச்சுமூச்சு கெடையாது" என்பார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அப்படியா என்பார்.

ஜீவிதா அவர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.

5

சண்டையை ஆரம்பித்தவர் மச்சான். ஞாயிற்றுக்கிழமை கறிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே போனை நீட்டினார்.

"மாப்ள, கோச்சிக்காதீங்க. நான் தெனமும் கூகுள்லதான் படம் எடுத்து பேனர் அடிக்கிறேன். எனக்குத் தெரியாதா? இங்க பாருங்க, உங்க படம் எத்தினி கீதுன்னு."

பார்த்தேன். நத்தை மேல் இறால், நத்தை மேல் இறால், முடிவே இல்லாமல் போயிற்று. உலகத்தில் சின்னதை எடுக்கிற அத்தனை பேரும் இதைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் வேறு நத்தை, வேறு இறால், வேறு கடல் என்று விளக்கினேன்.

"அதே பொம்மதானே மாப்ள. அதே கலரு, அதே மீச. நீங்க ஒண்ண டவுன்லோடு பண்ணி அனுப்பிக்கினு, கீழ பேரப் போடச் சொன்னீங்க. தப்பில்ல, எல்லாரும் பண்றதுதான்."

"மச்சான், உங்க தெருவுல இருக்கிற எருமை எல்லாம் ஒரே எருமையா?"

"எரும எங்க ஊர்ல கீது. இது இன்டர்நெட்ல கீது."

என்னிடம் ஆதாரம் இருந்தது, அதுதான் கொடுமை. அந்த இருபது விநாடி வீடியோவைக் காட்டினால் இன்டர்நெட் படம் இல்லை என்று நிரூபணமாகிவிடும். ஆனால் வீடியோவில் நத்தைக்குப் பின்னால், மங்கலாக, கிளிப்பச்சை நிறத்தில் ஒன்று மேலும் கீழுமாக உதைத்துக்கொண்டிருக்கும். அது என் கால் துடுப்பு. அந்தக் கிளிப்பச்சையை வாங்காதே என்று சுகுணா கடையிலேயே சொன்னாள். நான் அங்கே தலைகீழாக நின்றால் கேமரா யார் கையில் இருந்தது என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சான் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்ப காணிப்பாக்கம் வர்றீங்களா?"

எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய வாக்குவாதமும் இந்தக் கேள்வியில் முடிந்துவிடும். கோழி திருட்டோ, வரப்புத் தகராறோ, குடியை விட்டேன் என்ற சபதமோ, குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். பொய் சொன்னவன் வீடு திரும்புவதற்குள் ஏதாவது ஆகும் என்பது நம்பிக்கை. அதனால் பாதிப் பேர் கேள்வியைக் கேட்டதுமே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மச்சான் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் என் நைனாவுக்கு விளையாட்டு தெரியாது.

"வருவான். எம்புள்ள வருவான். நாளிக்கே வண்டி வைக்கிறேன்" என்றார்.

நான் ஜீவிதாவைப் பார்த்தேன். முதல்முறையாகப் போனிலிருந்து தலையை எடுத்திருந்தாள்.

6

மச்சானின் சிநேகிதர் வேனில் காலையில் கிளம்பினோம். முன் சீட்டில் நைனா, மடியில் சுருட்டிய காலண்டர். பின்னால் நானும் சுகுணாவும் ஜீவிதாவும், எதிரில் மச்சான். சித்தூரில் இட்லி தின்ன இறங்கியபோதும் நைனா காலண்டரைக் கீழே வைக்கவில்லை.

வழி நெடுக நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். "இந்தப் படம் என் கேமராவில், கடலுக்கடியில், என் கண்ணெதிரே எடுத்தது." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கண்ணெதிரே என்பதில்தான் கொஞ்சம் இடித்தது, அப்போது கண் மூடியிருந்ததே. அதை எடுத்துவிட்டேன். "என் கேமராவில், கடலுக்கடியில் எடுத்தது." விநாயகர் இலக்கணத்தை விட்டுவிடுவார், அர்த்தத்தைப் பார்ப்பாரா என்று புத்தூரிலிருந்து யோசித்தேன்.

சுகுணா காதருகே வந்தாள். "இன்னா முணுமுணுத்துக்கினே வர்றீங்க?"

"சாமி பேர்."

"சாமி பேர்ல கேமரா எங்கருந்து வந்துது?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குளத்தில் இறங்கினேன். நூற்றைம்பது தடவைக்கு மேல் கடலில் இறங்கியவன், இரண்டாவது படியில் வழுக்கி, வேட்டியோடு உட்கார்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறி இருமினேன். "இவுரா கடலுக்கடில போறவரு?" என்று மச்சான் கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

சொட்டச் சொட்டச் சன்னதி முன் நின்றோம். மச்சான் காலண்டரை விரித்துப் பிடித்தார். நைனா கைகூப்பி, "சொல்றா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது போல.

"இந்தப் படம் என் கேமராவில்..." என்று தொடங்கினேன்.

எதிர் வரிசையில் ஜீவிதா நின்றாள். அவள் கோபமாகப் பார்த்திருந்தால் நான் அந்த வாக்கியத்தை முடித்திருப்பேன். அவள் வலது கையை மார்புக்கு நேரே தூக்கி, விரல்களால் வட்டம் போட்டுக் காட்டினாள். ஆறு மாதம் கழித்து. நல்லா இருக்கியா என்று கேட்கிறாள்.

என் கை தானாக எழுந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டியது. சிக்கல். பிறகு வாய் பேசியது.

"நெட்ல எடுத்த படம் இல்ல. கடல்லதான் எடுத்தது. ஆனா நான் எடுக்கல. எம்பொண்ணு ஜீவிதா எடுத்தா. எம்பேரப் போடச் சொன்னது தப்பு."

மச்சான் ஜெயித்தாரா தோற்றாரா என்று அவருக்கே புரியவில்லை. காலண்டரை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். நைனா கூப்பிய கையை இறக்கினார்.

"அப்ப ஊரெல்லாம் நான் சொல்லிக்கினு கீறது?" என்றார்.

"பொய்தான் நைனா."

அவர் பேத்தியைப் பார்த்தார். "பேத்தி எடுத்ததுன்னு சொன்னா இன்னும் நல்லாத்தான கீது. இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

ஆனால் மச்சான் விடவில்லை. தொழில் புத்தி. "இது செல்லாது. நீங்க எடுக்கலன்னுதான் முடிவாச்சி. பாப்பா எடுத்துச்சின்னு எப்டித் தெரியும்? எடுத்தவங்கதான் முழுகணும்."

சுகுணா மாற்றுத்துணி இல்லை என்றாள். அதற்குள் ஜீவிதா குளத்துக்குப் போய்விட்டாள். ஜீன்ஸோடு படியில் நின்று, இல்லாத முகக் கண்ணாடியைப் பழக்கத்தில் ஒரு கையால் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேராக இறங்கி முழுகினாள். படியில் நின்ற ஒரு அம்மாள் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துத் தானும் முகத்தைப் பிடித்துக்கொண்டு முழுகினார்.

ஜீவிதா வந்து நின்றாள். தமிழில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"சரி, முடிஞ்சி போச்சி" என்றார் மச்சான்.

"இல்ல மாமா, சத்தியம்னா முழுசா சொல்லணும். டாடி கேமராவ குடுத்துட்டு பாறையில முட்டிக்கினாரு. ரெண்டு வாட்டி. லைட்ட அவரு ஆன் பண்ணவே இல்ல, நான்தான் பண்ணேன். செட்டிங்கும் தப்பா இருந்துச்சி, மாத்திக்கினேன்."

எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையில் சிரித்தார்கள். யாரோ ஒருவர் தெரியாதவர்களுக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்களும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். நான் காலண்டரில் இருந்த நத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆனா அத மொதல்ல பாத்தது டாடிதான்" என்றாள். "நான் தாண்டிப் போய்ட்டேன். அவருதான் என் கால புடிச்சி இழுத்துக் காமிச்சாரு. காமிச்சிட்டு சிரிச்சாரு. தண்ணிக்குள்ள சிரிச்சா கன்னம் தூக்கிக்கும், மாஸ்க்ல தண்ணி பூந்துடும். அதான் பூந்துச்சி. வாரு ஒண்ணும் லூசு இல்ல."

எனக்கு இது ஞாபகமே இல்லை. வார் தளர்ந்தது, பாறை இடித்தது, படம் கைவிட்டுப் போனது எல்லாம் நினைவிருந்தது. சிரித்தது இல்லை. அவள் அதைப் பார்த்து வைத்திருந்தாள். தன் படத்தைத் திருடி வைத்துக்கொண்டவன் மேல் ஆறு மாதம் கோபமாக இருந்தபோதும் அதை வைத்திருந்தாள். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நல்லவேளையாக முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

மச்சான் தொண்டையைச் செருமினார். "அப்ப வர்ற வருஷத்துக்கு ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். கண்டவரு ஒருத்தரு, எடுத்தவங்க ஒருத்தரு."

"வேணாம் மாமா" என்றாள் ஜீவிதா, தலைமுடியைப் பிழிந்துகொண்டே. "எடுத்தது நான். எம்பேர் மட்டும் போடுங்க. டாடிக்கு வேணும்னா அவரு வேற ஒண்ணு எடுக்கட்டும். லீவு முடிஞ்சி போற மொத வெள்ளிக்கெழம கடலுக்குப் போறோம்."

போறோம் என்றாள். மச்சான் என்னைப் பார்த்தார்.

"ஜீவிதா பேர் மட்டும் போடுங்க மச்சான்" என்றேன்.